ஃபிராம் என்னும் மரக்கலமும் நாம் தொலைத்த கலங்களும்

தமிழர் கடலோடிகள் என்பதற்குச் சான்று கேட்டால் நம் கைக்கு முதலில் வருவது பாட்டே. கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றைத் தன் வழிப்படுத்தி நாவாய் செலுத்தியதை வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றில் குறித்திருக்கிறார். பட்டினப்பாலையில் புகாரின் பண்டங்கள் குவிந்து கிடக்கின்றன. இராசேந்திரன் கடாரம் கொண்டதை மெய்க்கீர்த்தி முழங்குகிறது. ஆனால் அந்நாவாய்களின் அடிமரம் எவ்வளவு நீளம், பலகையோடு பலகையை ஆணியால் இணைத்தார்களா கயிற்றால் தைத்தார்களா, மாலுமி எங்கே படுத்துறங்கினான் என்று ஒரு பள்ளிச் சிறுவன் கேட்டுவிட்டால், நாம் ஊகத்தையும் அயல்நாட்டார் குறிப்புகளையுமே நாட வேண்டியிருக்கிறது. இது சோழர் கலத்தின் பலகை என்று துணிந்து காட்டத்தக்க ஒன்றை நான் எந்த அருங்காட்சியகத்திலும் கண்டதில்லை. பாட்டு இருக்கிறது, பலகை இல்லை.

இக்குறையை நான் உள்ளபடியே உணர்ந்தது நார்வே நாட்டின் தலைநகரான ஆஸ்லோவில். கடலே இல்லாத விருதுநகர் மாவட்டத்தான் ஒருவன், பனியை அறியாத சிவகாசிக் கரிசற்காட்டிலிருந்து, துருவக் கப்பலைப் பற்றி நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் எழுதப் புகுவது அன்பர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். கப்பலுக்கும் நமக்கும் உள்ள உறவு பாலவநத்தத்தில் இருக்கிறது. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஆஸ்லோவை ஒட்டிய பிக்டோய் தீபகற்பத்தில், நீர்க்கரையில், கூரையே சுவராகச் சரிந்து தரைதொடும் உயர்ந்த முக்கோணக் கட்டடம் ஒன்று நிற்கிறது. 1936-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் மன்னர் ஏழாம் ஹாகோன் முன்னிலையில் அது திறக்கப்பட்டது. கட்டடத்துக்குள் கப்பலை வைத்தார்கள் என்பதைவிட, முந்தின ஆண்டு கரையேற்றி நிறுத்திய கப்பலின்மேல் கட்டடத்தைப் போர்த்தினார்கள் என்பதே பொருந்தும். உள்ளே நுழைந்ததும் கண்ணை நிறைப்பது கரிய வயிறு பருத்த ஒரு மரக்கலம். நீளம் 39 மீட்டர், அகலம் 11 மீட்டர். அழகிய கப்பல் என்று எவரும் சொல்லமாட்டார்கள்; இரண்டாகப் பிளந்த தேங்காயின் ஒரு பாதிபோல் இருக்கிறது. பார்ப்பவர் மேல்தளத்தில் ஏறலாம், உள்ளறைகளுக்குள் இறங்கலாம். உடன் வந்த யாழ்ப்பாணத்து அன்பர், பல ஆண்டுகளாக அந்நாட்டில் வாழ்பவர், முகப்பைக் காட்டி, “ஃபிராம் எண்டால் முன்னுக்கு எண்டு அர்த்தம், ஐயா” என்றார். முன்னோக்கிச் செல் என்பதே அக்கலத்தின் பெயர்.

ஆனால் அது கட்டப்பட்ட நோக்கம் முன்னோக்கிப் பாய்வதன்று, சிறைப்படுவது. 1881-இல் ஜீனெட் என்னும் அமெரிக்கக் கப்பல் சைபீரியாவின் வடக்கே பனியில் நொறுங்கி மூழ்கியது. மூன்றாண்டுகள் கழித்து அதன் சிதைபொருள்கள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. அப்படியானால் துருவக் கடலின் பனி நின்ற இடத்தில் நிற்பதில்லை, ஒரு நீரோட்டம் அதைக் குறுக்கே சுமந்து செல்கிறது என்று கருதினார் ஃபிரிட்யாஃப் நான்சன் என்னும் இளம் அறிவியலாளர். பனியை எதிர்த்துப் போராடாமல், வேண்டுமென்றே அதனுள் உறைந்து, அது போகும் வழியே போய்த் துருவத்தை நெருங்கலாம் என்பது அவர் துணிபு. அக்காலத்துத் துருவ அறிஞர் பலர் இதனைத் தற்கொலைக்கு நிகரென்றே எண்ணினர்.

அத்துணிவுக்கு ஏற்ற கலத்தைச் செய்தவர் லார்விக் ஊரின் காலின் ஆர்ச்சர் என்னும் கப்பற் சிற்பி. இருபுறமும் பனி நெருக்கும்போது உடைந்துபோகாமல், நெருக்குதலாலேயே மேலெழும் வண்ணம் அடிப்பகுதியை உருண்டையாகச் சமைத்தார். இரு விரல்களுக்கிடையே வைத்து அழுத்திய புளியங்கொட்டை துள்ளி மேலெழுவதைப் பார்த்தவர்க்கு இந்நுட்பம் எளிதில் விளங்கும். ஓக் மரப்பலகைகளின்மேல் கிரீன்ஹார்ட் என்னும் கடுமரத்தால் வெளித்தோல். பக்கச் சுவரின் கனம் சில இடங்களில் முக்கால் மீட்டர் அளவுக்கு வந்துவிடும். சுக்கானையும் உந்துவிசிறியையும் பனி முறிக்காதபடி மேலே தூக்கிக்கொள்ளக் கிணறு போன்ற துளைகள். குளிரைத் தடுக்கக் கம்பளி, கார்க்கு, கலைமான் மயிர் என்று அடுக்கடுக்காகச் சுவர்ப்பூச்சு. காற்றாடி ஒன்று சுழன்று மின்விளக்கு எரித்தது. 1892 அக்டோபர் 26-ஆம் நாள் நான்சனின் மனைவி ஏவா பெயரிட, கலம் நீரில் இறங்கியது. இத்துணைச் சிறப்பும் பனிக்கடலுக்குத்தான். திறந்த கடலில் உருண்டை வயிற்றின் காரணமாக அது உருண்டு புரண்டு, தேர்ந்த மாலுமிகளையும் வாந்தியெடுக்க வைத்ததாம்!

1893 ஜூன் 24-இல் 13 பேருடன் புறப்பட்ட ஃபிராம், செப்டம்பரில் பனியில் உறைந்தது. 1896 ஆகஸ்ட் வரை, ஏறத்தாழ மூன்றாண்டுகள், அது பனியோடு பனியாக மிதந்தது. நடுக்கூடத்தைச் சுற்றித் தலைவர் நால்வருக்கு நான்கு சிற்றறைகள். மற்ற ஒன்பது பேருக்கும் சேர்த்து இரண்டே அறைகள். அவற்றுள் நுழைந்து நின்று பார்த்தேன். நம் ஊர்த் தீப்பெட்டி ஒட்டும் வீடுகளின் திண்ணை இதனினும் விரிந்தது.

இலக்கிய அன்பர்கள் கேட்டு மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. அந்த இருளில் அவர்கள் கையெழுத்து இதழ் ஒன்று நடத்தினர். ஃபிராம்ஷோ என்பது அதன் பெயர்; ஆசிரியர் கப்பலின் மருத்துவர் பிளெஸ்ஸிங். கவிதை, கேலி, சகமாலுமியைக் கிண்டல் செய்யும் கட்டுரை எல்லாம் அதில் வந்தன. ஓர் இதழைப் பதின்மூவர் வாசித்தனர், அவர்களே எழுதினர். நம் வட்டமும் இவ்வாறுதானே பிறந்தது! ஒரு வேறுபாடு: ஃபிராம்ஷோ அவர்கள் நாட்டு வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. நம் முதலாண்டுத் தட்டச்சுப் படிகள் எவர் பரணில் உள்ளன என்பதை அடுத்த கூட்டத்தில் யாரேனும் விசாரித்தால் நன்று.

நம் பகுதியினர்க்கு உரிய செய்தியும் உண்டு. 1896 கோடையில் பனி இளகத் தொடங்கியபோது, சிறைப்பட்ட கலத்தை விடுவிக்க ஸ்வெர்ட்ரூப் தலைமையில் மாலுமிகள் பனியில் துளையிட்டு, கருமருந்தும் வெடிபஞ்சும் வைத்துத் தகர்த்தனர். வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த அதே மருந்து. இங்கே வானத்தில் பூவாக விரிவது, அங்கே பனியைப் பிளந்து வழி திறந்தது. அவர்கள் சமைத்த அடுப்பும் நமக்கு அயலன்று. நம் வீடுகளில் நெடுங்காலம் உறுமிய பம்பு அடுப்பின் மூதாதையான ஸ்வீடன் நாட்டுப் பிரைமஸ் அடுப்பைத்தான் நான்சன் பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றிச் சென்றார். துருவத்துக்குக் கலம் போய்ச் சேராதென்று தெளிந்து, 1895 மார்ச்சில் யோஹான்சென் என்னும் ஒரே துணையுடனும் நாய்களுடனும் அவர் கலத்தைவிட்டு இறங்கி நடந்தார். வடக்கே 86 பாகையைக் கடந்தார். அதுவரை எவரும் எட்டாத எல்லை. மீளும் வழியில் கற்குழி ஒன்றில் கரடி இறைச்சி தின்று ஒரு குளிர்காலம் கழித்தனர். 1896 ஆகஸ்டில் கலத்தில் இருந்தோரும் நடந்தோரும் டிரோம்ஸோ துறையில் ஒன்றுசேர்ந்தனர். பதின்மூவரில் ஒருவரும் சாகவில்லை.

பின்னர் 1898 முதல் 1902 வரை ஸ்வெர்ட்ரூப் அதே கலத்தில் கனடாவின் வடக்கே பெருந்தீவுகளை வரைபடமாக்கினார். 1910-இல் அமுண்ட்சென் அதனை வாங்கிக்கொண்டு வடதுருவம் செல்வதாக ஊருக்குச் சொல்லிவிட்டு, மதேரா தீவில் தம் மாலுமிகளிடமே முதன்முதலாக உண்மையை உடைத்துத் தென்துருவம் போனார். 1911 டிசம்பர் 14-இல் அதை அடைந்தார். வென்றவர் அவரே எனினும், என் நெஞ்சு நான்சன் பக்கமே சாய்கிறது. அமுண்ட்சென் வடமேற்குக் கடல்வழியைத் திறந்த யோவா என்னும் சிறு கலமும் இதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1903-இல் கடன்காரர்க்கு அஞ்சி நள்ளிரவில் நங்கூரம் தூக்கிய கலம் அது.

இவையெல்லாம் காப்பாற்றப்பட்ட கதைதான் என்னை மிகவும் தைத்தது. நார்வேயர் இயல்பிலேயே பழமை பேணுவோர் என்று எண்ணிவிட வேண்டா. 1914-இல் ஊர் திரும்பிய ஃபிராம், பதினைந்து ஆண்டுகள் கவனிப்பாரற்று உளுத்துக்கொண்டு கிடந்தது. முதிய ஸ்வெர்ட்ரூப்பும் சில அன்பர்களும் விடாமல் வாதாடி, திமிங்கிலத் தொழிலதிபர் லார்ஸ் கிறிஸ்டென்சன் துணைநின்றதால் 1929-30இல் அது செப்பனிடப்பட்டது. அருங்காட்சியகம் திறக்கப்பட்டதைக் காண ஸ்வெர்ட்ரூப் உயிருடன் இல்லை, 1930-இல் மறைந்துவிட்டார். யோவா சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் பூங்காவில் அறுபதாண்டுகளுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் சிதைந்து 1972-இல்தான் தாயகம் மீண்டது. அமுண்ட்சென்னின் மூன்றாவது கலமான மோட், கனடாவில் 1930-இல் மூழ்கி, 2016-இல் தூக்கப்பட்டு 2018-இல் ஊர் வந்தது. ஒவ்வொரு கலத்துக்கும் பின்னால் சலிக்காமல் கடிதம் எழுதிய சிலர் இருந்தனர். அவ்வளவே வேறுபாடு.

ஏன் அவ்வளவு பாடுபட்டனர்? ஃபிராம் கட்டப்பட்டபோது நார்வே தனிநாடன்று. 1814 முதல் ஸ்வீடன் மன்னரின் கீழ் இணைக்கப்பட்டிருந்தது. அந்நிலையில், அப்பயணச் செலவின் பெரும்பங்கை நார்வே நாடாளுமன்றமே ஈந்தது. அயலார் முடியின்கீழ் இருந்த சிறிய, ஏழை நாடொன்று, தன்னால் என்ன இயலும் என்று உலகுக்குக் காட்டிய மரக்கலம் அது. 1905-இல் நாடு பிரிந்தபோது அதற்காக வாதாடியவருள் நான்சன் முதன்மையானவர். (இந்த ஸ்வீடன் நமக்கும் பழகிய பெயரே. 1922-இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய காலத்தில், ஸ்வீடன் நிறுவனத்தார் 1923-இல் இந்தியாவிலேயே விம்கோ ஆலையை நிறுவினர். சிவகாசியின் கைத்தொழில் அப்பெரும் போட்டியில்தான் பிழைத்து நின்றது.)

இங்கேதான் பாலவநத்தம் வருகிறது. ஃபிராம் நீரில் இறங்கிப் பதினான்கு ஆண்டுகளில், 1906 அக்டோபர் 16-ஆம் நாள், தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். அதன் தலைவராக இருந்தவர் யார்? நம் மாவட்டத்துப் பாலவநத்தம் ஜமீன்தார், 1901-இல் மதுரைத் தமிழ்ச்சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர்! ஏடு தேடித் தொகுத்து அச்சேற்றிய அதே கை, கப்பல் கம்பெனியின் தலைமையையும் ஏற்றது. 1907 மே மாதம் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. துறைமுகத்தில் கூடியோர்க்கு அவை வெறும் இரும்பாகவா தோன்றியிருக்கும்? நார்வேயர்க்கு ஃபிராம் எதுவோ, நமக்கு அவை அது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டுக் கப்பல்கள் விற்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் பாண்டித்துரைத் தேவர் மறைந்தார். அமுண்ட்சென் தென்துருவத்தில் தம் நாட்டுக் கொடியை நட்ட அம்மாதத்தில் வ.உ.சி. சிறைக்குள் இருந்தார்.

ஒட்டப்பிடாரத்தில் அவர் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. படங்களும் செய்திகளும் உண்டு. ஆனால் காலியாவின் ஒரு சங்கிலிக் கண்ணியையோ லாவோவின் மணியையோ நான் எங்கும் பார்த்ததில்லை. விற்றது வறுமையாலும் பகைவர் சூழ்ச்சியாலும். அதற்கு நம்மைக் குறைசொல்ல இடமில்லை. ஆயின் விடுதலைக்குப் பின்னும் அவற்றின் இறுதி என்னவாயிற்று என்று தேடி ஒரு கடிதமேனும் எழுதியவர் நம்முள் எத்துணை பேர்?

மரக்கலம் வேண்டுமெனில் அதுவும் இருந்தது. வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கி, ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைச் செலுத்தி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, 1938-இல் மாசச்சூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். துருவம் போகவில்லை என்பது தவிர, அப்பயணம் எதில் குறைந்தது? அம்மாலுமிகளின் ஊரார் அவர்களை மறக்கவில்லை. கலம்தான் அயற்கடலில் போயிற்று. தூத்துக்குடியில் தோணி கட்டும் தச்சர் இன்றும் உளர். அவர்கள் கையளவைகள், மரத்தேர்வு, பலகை வளைக்கும் முறை ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொற்கள் அவர்கள் வாயில் இருக்கின்றன. நம் கவிஞர்கள் அங்கே ஒரு வாரம் தங்கினால் அகராதிக்கே வருவாய்.

பலகைக்கு நேர்ந்ததே பெயர்க்கும் நேர்கிறது. ஸ்வெர்ட்ரூப் பயணத்தில் இறந்த இருவருள் ஒருவர், கொதிகலனுக்குக் கரி அள்ளிய பிராஸ்கெரூட் என்னும் தொழிலாளி. அவர் பெயர் நூல்தோறும் நிற்கிறது. மோட் கலத்திலிருந்து கடிதங்களைச் சுமந்து சென்று பனியில் மாண்ட டெஸ்ஸெம், குனூட்சென் என்னும் இருவர் பெயரையும் அந்நாட்டார் அறிவர். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலைத் தீயில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எண்ணிக்கை நம் நினைவில் இருக்கிறது. அவர்களுள் ஒருவர் பெயரையேனும் சொல்ல நம் வட்டத்தில் எவரால் இயலும்? இக்கட்டுரையாளனாலும் இயலாது.

நான்சனின் கதை பனியோடு முடியவில்லை. முதல் உலகப்போருக்குப் பின் நாடிழந்து திரிந்த பல இலட்சம் மக்களுக்காக நாடுகளின் சங்கம் அவரை 1921-இல் அகதிகள் ஆணையராக்கியது. எந்த அரசும் தன் குடியென ஏற்காதவர்க்கு 1922-இல் அவர் ஒரு தாளை உண்டாக்கினார். நான்சன் கடவுச்சீட்டு என்று அதற்குப் பெயர். அவ்வாண்டே அமைதிக்கான நோபல் பரிசு அவர்க்கு வழங்கப்பட்டது. அவர் நாட்டுக்கு 1956-இல் சென்று சேர்ந்த யாழ்ப்பாணத்துக் குருநகர் அந்தோனி இராசேந்திரம், பின்னர் சீ-நோர் என்னும் மீன்பிடித் திட்டத்தால் இரு கரைகளையும் இணைத்தார். 1980-களில் போரால் துரத்தப்பட்ட ஈழத்தமிழர் பலர் ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால் ஃபின்மார்க் மீன் ஆலைகளில் நின்று வேலை செய்தனர். என்னைக் கப்பலுக்கு அழைத்துச் சென்ற அன்பரும் அவ்வழி வந்தவரே. இன்று அவர் நார்வேயின் குடிமகன்.

அவருடன் ஒரே காலத்தில், ஒரே போரால், வேறு படகில் ஏறியவர்கள் இராமேசுவரத்தில் இறங்கினர். மண்டபம் முகாம் வழியாக அவர்களுள் ஒரு பகுதியினர் நம் மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டனர். விருதுநகரை அடுத்த குல்லூர்சந்தையிலும் சிவகாசியை அடுத்த அனுப்பன்குளத்திலும் முகாம்கள் அமைந்தன. 2021 முதல் அவை மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் பெற்றன. அங்கே பிறந்து வளர்ந்து, தாமும் பெற்றோராகிவிட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். நான்சன் தாள் போன்ற ஒன்றை அவர்கள் கையில் எவரும் தரவில்லை.

அம்முதியோர் ஏறிவந்த படகுகளுக்கும் பெயர்கள் இருந்திருக்கும். கடற்கரையார் பெயரிடாமல் படகை நீரில் இறக்குவதில்லை. எந்தத் துறையில் ஏறினீர்கள், படகின் பெயரென்ன, தண்டு வலித்தவர் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒரு குறிப்பேடும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். குல்லூர்சந்தை விருதுநகரிலிருந்து தொலைவில்லை.